கோப்பியும் வடியும்

வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து இடித்த கோப்பித்தூளைக் கொதிநீரில் இட்டு இறக்குதல் நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். ஒரே தூளை இட்டும் ஒரு வீட்டுக் கோப்பி மணந்து நாவுக்கு இதமாயிருக்க, மற்றொரு வீட்டுக் கோப்பி கசப்பதேன்? வறுவலையும் நீரின் அளவையும் ஆராய்வோர் வடியை மறந்துவிடுகின்றனர்.

வடித்த கோப்பியில் மூன்று பொருள்கள் உள: நீரிற் கரைந்த சாரம், நுண்டுளிகளாய் மிதக்கும் எண்ணெய், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்டூள். கரைந்த சாரத்தை எவ்வடியும் பெரிதும் மறிப்பதில்லை. ஏனைய இரண்டில் எதனை எவ்வளவு விடுகின்றது என்பதனாலேயே வடிக்கு வடி சுவை வேறுபடுகின்றது.

தெளியவிட்டு இறுத்தல் பழைய முறை. எண்ணெய் முழுவதும் தங்குவதாற் கோப்பி தடிப்பாயிருக்கும். அடியிற் சேரும் மண்டியிலிருந்து சாரம் தொடர்ந்து இறங்குவதால் ஆற ஆறக் கசப்பு மிகும். கம்பிவலை வடியும் ஏறக்குறைய இத்தன்மையதே. பருந்தூளை மட்டுமே அது தடுக்கும். துணிவடியோ நுண்டூளிற் பெரும்பகுதியை நிறுத்தி, எண்ணெயில் ஒரு பகுதியை விடும். ஆதலின் தெளிவும் தடிப்பும் ஒருங்கே அமையும். ஆயின், துணியில் ஊறிய எண்ணெய் காறிப்போனால் மறுநாட் கோப்பியும் கெடும். வடித்தவுடன் சவர்க்காரமின்றி வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துதல் வேண்டும்.

தாள்வடியை 1908 இல் ஜேர்மனியின் திரெஸ்டின் நகரில் வாழ்ந்த மெலிற்றா பென்ஸ் என்னும் இல்லத்தரசி ஆக்கினார். துளையிட்ட பாத்திரத்தில் அவர் முதலில் இட்டது மகனின் பாடசாலைக் கொப்பியிலிருந்த மையொற்றுத்தாள். மாணவர் கொப்பி கோப்பிக்கு உதவிய கதை இது! தாள் எண்ணெயையும் நுண்டூளையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அதனால் கோப்பி மெலிந்து தெளியும். அதன் இளம்புளிப்பு தனித்துத் தோன்றும்.

இது நாவோடு நிற்கும் செய்தியன்று. வடிக்காத கொதிகோப்பியை மிகுதியாகக் குடிப்போரின் குருதியிற் கொலஸ்திரோல் உயர்வதை 1980 களில் நோர்வேயில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. எண்ணெயிலுள்ள கபெஸ்தோல் என்னும் பொருளே அதற்குக் காரணமெனப் பின்னர் தெளிந்தனர். தாள் அதனைப் பெரும்பாலும் அகற்றும், கம்பிவலை அகற்றாது.

எனினும், வடி எல்லாப் பிழையையும் திருத்தும் ஆசானன்று. நெடுநேரங் கொதித்துக் கரைந்த கசப்பை எத்தாளும் மீட்காது. பொங்கியதும் இறக்கிச் சிறிது நேரத்தில் வடித்தலே முறை. நாள்தோறும் பன்முறை கோப்பி அருந்தும் மூத்தோர் பழைய வழக்கைக் கைவிட வேண்டுவதில்லை. காய்ச்சிய கோப்பியைத் தாளில் ஊற்றி வடித்தாற் போதும். தடிப்புக் குறையினும் நெஞ்சுக்கு நலமாம்.