மெதடிஸ்த திருச்சபை ஏடுகளைப் படிக்கும் முறை: உறுப்புரிமை, திருமணம், பிரசங்க உரிமம்

முன்னுரை

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமூக வரலாற்றை ஆராய்வோர்க்கு மெதடிஸ்த திருச்சபையின் ஏடுகள் இன்றியமையாச் சான்றுகளாகும். சுரங்கத் தொழிலாளர், நெசவாளர், பணிப்பெண்கள் முதலான எளிய மக்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆயினும் ஓர் ஏட்டில் ஒருவர் பெயர் காணப்படாமையைக் கொண்டு அவர் மெதடிஸ்தர் அல்லர் என்றோ, மணமாகாதவர் என்றோ, பிரசங்கம் செய்யாதவர் என்றோ முடிவு செய்தல் பிழையாகும். ஒவ்வோர் ஏடும் யாருடைய அதிகாரத்தின்கீழ், எத்தேவைக்காக எழுதப்பட்டது என்பதை அறிந்த பின்னரே அதன் மௌனத்திற்குப் பொருள் காண இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உறுப்பினர் ஏடு

1742ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடனை அடைப்பதற்காக, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவதென ஏற்பாடு செய்யப்பட்டது. ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட குழுவிடம் ஒருவர் அதனைத் திரட்டினார். இந்நிதி ஏற்பாட்டையே ஜான் வெஸ்லி ஆன்மிகக் கண்காணிப்பு முறையாக வளர்த்தார்; அதுவே ‘வகுப்பு’ எனப்பட்டது. தகுதியுடைய உறுப்பினர்க்குக் காலாண்டுக்கு ஒருமுறை வகுப்புச் சீட்டு வழங்கப்பட்டது. வகுப்புக்கு வாராதவர் சீட்டினை இழக்க நேரிட்டது. திருமுழுக்குப் பெற்றமை மட்டுமே ஒருவரை உறுப்பினராக்கவில்லை. வழிபாட்டிற்கு வந்தோர் பலர் உறுப்பினர் அல்லர். எனவே இவ்வேடு ஒருவரது வாழ்நாள் சமய அடையாளத்தைக் காட்டுவதன்று. குறிப்பிட்ட காலாண்டில் அவர் இருந்த நிலையையே காட்டுகிறது.

திருமண ஏடு

1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1754இல் நடைமுறைக்கு வந்தது. குவேக்கர், யூதர் நீங்கலாக ஏனையோர் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களிலேயே மணம் செய்யவேண்டும் என அது விதித்தது. இதனால் அக்கால மெதடிஸ்தரின் திருமணங்கள் பங்கு ஆலய ஏடுகளிலேயே பதிவாயின. 1836ஆம் ஆண்டின் சட்டம் 1837இல் நடைமுறைக்கு வந்தபின், உரிய முறையில் பதிவு பெற்ற மெதடிஸ்த ஆலயங்களில் மணம் நிகழ்த்த இயன்றது. எனினும் அரசுப் பதிவாளர் உடனிருத்தல் வேண்டும். இக்கட்டாயத்தைத் தளர்த்தியது 1898ஆம் ஆண்டின் சட்டமாகும். ஆகவே 1837க்கு முன் மெதடிஸ்த திருமண ஏடு கிடைக்காமை ஆவண இழப்பன்று, சட்டத்தின் விளைவேயாகும்.

பிரசங்க உரிமம்

‘உரிமம்’ என்னும் சொல் இரு வேறு அதிகாரங்களைக் குறித்தது. 1689ஆம் ஆண்டின் சமயப் பொறைச் சட்டத்தின்கீழ் நீதிபதிகள் முன் உறுதிமொழி அளித்துப் பெறுவது அரசு சார்ந்தது. உள்ளூர்ப் பிரசங்கியாருக்கு அவருடைய வட்டாரத்தின் காலாண்டுக் கூட்டம் அளித்த இசைவும், முழுநேரப் பிரசங்கியாரைத் தகுதிகாண் பருவத்திற்குப் பின் ஆண்டு மாநாடு ஏற்றுக்கொண்டமையும் திருச்சபை சார்ந்தவை. அரசு உரிமத்திற்குக் கடும் வரம்பு விதிக்க 1811இல் சிட்மத் பிரபு கொணர்ந்த மசோதா தோல்வியுற்றது. 1812ஆம் ஆண்டின் சட்டம் பழைய தடைகள் சிலவற்றை நீக்கியது. நீதிமன்ற ஏட்டில் இல்லாத பெயர் மாநாட்டு அறிக்கையில் இருத்தலும், இதன் மறுதலையும் இயல்பே.

பெண்களைப் பொறுத்தவரை இவ்விடைவெளி மிகப் பெரிது. மேரி போசான்கே பிளெச்சர் முதலானோர் பிரசங்கித்ததை வெஸ்லி ஏற்றார்; அவர் மறைவுக்குப் பின், 1803ஆம் ஆண்டு மாநாடு பெண்கள் பிரசங்கிப்பதற்குக் கடும் வரம்பு விதித்தது. ஆயினும் பிளெச்சர் 1815இல் மறையும்வரை தம் பணியை விடவில்லை. பிரசங்கியார் பட்டியலை மட்டுமே நம்பும் ஆய்வு இத்தகைய பெண்களின் பணியை இல்லாததாக்கிவிடும். நாட்குறிப்புகள், கடிதங்கள், பெண்களும் தலைமை வகித்த வகுப்புகளின் ஏடுகள் ஆகியவற்றுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

முடிவுரை

உறுப்பினர் ஏடு திருச்சபை ஒழுங்கிற்கும், திருமண ஏடு அரசுச் சட்டத்திற்கும், பிரசங்க உரிமம் அவ்விரண்டிற்கும் கட்டுப்பட்டவை. 1814இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய வெஸ்லிய மிஷனின் ஏடுகளை ஆராய்வோர்க்கும் இப்பகுப்பு உதவும். ஆனால் இங்கிலாந்தின் திருமணச் சட்டம் தரும் விளக்கத்தை அங்கே அப்படியே பொருத்துதல் கூடாது. அந்நிலத்தில் நிலவிய சட்டத்தைக் கொண்டே அவ்வேடுகளின் பதிவையும் மௌனத்தையும் மதிப்பிடல் வேண்டும்.