'யூ' நடந்த வழியில் 'தே'

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று பன்மையால் சுட்டுவது ஆங்கிலத்தில் நேற்று முளைத்த வழக்கமல்ல. 14-ஆம் நூற்றாண்டிலேயே அது எழுத்தில் உண்டு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் கூசாமல் எழுதினார்கள்.

தடை பின்னால்தான் வந்தது. 18-ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள், 'ஹி' என்ற ஆண்பாற்சொல்லே இருபாலுக்கும் போதும் என்றார்கள். சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே விதித்தது. பெண் வாசகரை அவள் இல்லாததுபோல் எழுதும் பழக்கம் இப்படித்தான் பள்ளிப்பாடமாயிற்று. புதுச்சொல் படைக்கவும் முயன்றார்கள். சார்ல்ஸ் கான்வெர்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய 'தொன்', 1934-இல் வெப்ஸ்டர் அகராதிக்குள் நுழைந்து 1961-இல் வெளியேறியது. யாரும் பேசாத சொல் நிற்குமா?

இன்று காற்று திரும்பிவிட்டது. ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்கள் தம்மைக் குறிக்க 'தே'யைக் கேட்டு வாங்கினார்கள். 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தப் பொருளைச் சேர்த்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக்கையேடும் அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது.

இன்னும் பலரை உறுத்துவது வினைதான். ஆள் ஒருவர், வினை மட்டும் 'ஆர்' என்று பன்மையா? 'தே இஸ்' என்பதல்லவா முறை? அல்ல. 'ஸ்டூடன்ட் இஸ்' என்று தொடங்கினாலும் அடுத்த வாக்கியம் 'தே ஆர்' என்றே நடக்கும். வினை, ஆளை எண்ணிப் பார்ப்பதில்லை. தனக்கு முன் நிற்கும் சொல்லைத்தான் பார்க்கிறது. 'யூ' இதற்குச் சாட்சி. அதுவும் ஒருகாலத்தில் பன்மை. ஒருவரை அழைக்க 'தவ்' இருந்தது. மரியாதைக்காக 'யூ' ஒருமைக்கு இறங்கியபோது 'ஆர்' கூடவே வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஒருவரிடம் 'யூ வாஸ்' என்று ஒருமை வினையோடு பேசியவர்கள் பலர். 1762-இல் ராபர்ட் லௌத் தம் இலக்கண நூலில் அதைக் கண்டித்தார். 'யூ வேர்' நிலைத்தது. இன்று எதிரில் நிற்பவர் ஒரே ஆளானாலும் 'யூ ஆர்' என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

தமிழருக்கு இது புதிரே அல்ல. 'ஒருவர்' இருபாலுக்கும் பொது என்றும், பன்மை வினையே கொள்ளும் என்றும் தொல்காப்பியம் சொல்லிவிட்டது. 'ஒருவர் வந்தார்' என்று நாள்தோறும் பேசுகிறோம்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களே, மாணவர் ஒருவரைப் பற்றி 'தே ஆர்' என்று எழுதப்பட்ட விடையில் சிவப்பு மை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சரியான ஆங்கிலம்.