யூரிக் அமில மிகையும் சீன மூலிகை மருந்துச் சோதனைகளும்

சீன மரபு மருத்துவத்தில் கால்மூட்டு வீக்கத்திற்கும் வலிக்கும் வழங்கப்பெறும் கூட்டு மருந்துகளுள் ‘எர்மியாவ்’ ஒன்று. சூ டான்சி (1281–1358) என்னும் மருத்துவரின் கருத்துகளை அவர்தம் வழியினர் தொகுத்த நூலில் இது இடம்பெறுகிறது. ஃபெலோடென்ட்ரான் மரப்பட்டை, அட்ராக்டிலோடிஸ் கிழங்கு ஆகிய இரண்டே இதன் சரக்குகள். உடலின் கீழ்ப்பகுதியில் தங்கிய ‘ஈரவெப்பத்தை’ இது நீக்கும் என்பது மரபுவழி விளக்கம். யூரிக் அமிலத்தை ஷீலே கண்டறிந்ததோ 1776இல்தான். ஆகவே, இம்மருந்து யூரிக் அமிலத்தைக் குறைக்குமா என்னும் வினா ஆய்வகத்தில் பிறந்தது. அதற்குப் பழைய நூலைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

உடலில் பியூரின்கள் சிதையும்போது சாந்தின் ஆக்சிடேஸ் என்னும் நொதி யூரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அலோபியூரினால் இந்நொதியைத் தடுக்கும் மருந்து. எனவே, மூலிகைச் சாற்றையும் முதலில் சோதனைக்குழாயில் இந்நொதியோடு சேர்த்துப் பார்க்கின்றனர். தாவர ஃபிளேவனாய்டுகள் பல இத்தேர்வில் எளிதில் தேறிவிடுகின்றன. குடலிலும் கல்லீரலிலும் உருமாறிய பின்னரே அவை இரத்தத்தில் பரவுகின்றன என்பதால் இத்தேர்ச்சிக்குப் பெருமதிப்பு இல்லை.

அடுத்த நிலை சுண்டெலிச் சோதனை. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். யூரிக் அமிலத்தை மேலும் சிதைக்கும் யூரிக்கேஸ் நொதி எலிகளுக்கு உண்டு, மனிதர்க்கு இல்லை. பொட்டாசியம் ஆக்சோனேட் கொடுத்து எலியின் யூரிக்கேஸை முடக்கி, செயற்கையாக யூரிக் அமில மிகையை உருவாக்குகின்றனர். பின்னர் ஒரு பிரிவுக்கு மூலிகைச் சாறும் மற்றொரு பிரிவுக்கு அலோபியூரினாலும் கொடுத்து ஒப்பிடுகின்றனர். ஆக்சோனேட்டின் விளைவு சில மணி நேரமே நீடிக்கும். சோதனையும் பெரும்பாலும் சில நாள்களில் முடிந்துவிடும். மனிதரிடமோ இம்மிகை ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. பெரும்பாலோரிடம் சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாமையால் நேர்வது. மேலும், ஆக்சோனேட்டை வாய்வழியாகக் கொடுத்திருப்பின், அதன் உறிஞ்சலைச் சாறு தடுத்தாலும் அளவு குறைந்தே தோன்றும். இதனை மருந்தின் பயன் என்று கொள்ளலாகாது. யூரிக்கேஸ் மரபணுவே நீக்கப்பட்ட சுண்டெலிகள் 1994இல் உருவாக்கப்பட்டன. ஆனால் அவற்றுள் பாதிக்குமேல் சிறுநீரகம் கெட்டு நான்கு வாரங்களுக்குள் மடிந்தன.

சிறுநீரகமே இங்கு முதன்மையான அக்கறை. யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை வெளியேற்றுவது அவ்வுறுப்பு. கவுட் நோயாளர் பலரிடம் அது முன்பே நலிந்திருக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரைகளை உட்கொண்ட பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தமை 1993இல் வெளியிடப்பட்டது. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ராவுக்கு மாற்றாக அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி சேர்ந்துவிட்டதே காரணம். இரண்டிற்கும் சீனத்தில் ‘ஃபாங்ஜி’ என்னும் பெயர் பொது. மூட்டுவலிக்கும் வழங்கப்படும் சரக்கு அது. அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் மெதுவான நஞ்சை ஒரு வார எலிச் சோதனை காட்டிக்கொடுத்திராது. சாற்றின் சிற்றினத்தையும் வேதிக்கூறுகளையும் உறுதிசெய்யாத ஆய்வு, முடிவு எத்துணை நன்றாயினும், ஏற்கத்தக்கதன்று.

மனிதச் சோதனையிலும் இடர்கள் உள. கஷாயத்தின் சுவையையும் மணத்தையும் ஒத்த போலிமருந்து செய்தல் அரிது. ஒப்பீட்டிற்குரிய அலோபியூரினாலைக் குறைந்த அளவில் கொடுத்தால் மூலிகை எளிதில் வென்றதாகத் தோன்றும். இரத்த அளவோடு நில்லாது, மூட்டுவலித் தாக்குதல் எத்தனை முறை நேர்ந்தது என்பதையும் ஓராண்டேனும் கணக்கிடல் வேண்டும்.

இவ்வாய்வுகளில் அடிக்கடி இடம்பெறும் ‘தூஃபூலிங்’ ஸ்மைலாக்ஸ் கிளாப்ராவின் கிழங்கு. சித்த மருத்துவத்தின் பறங்கிப்பட்டை ஸ்மைலாக்ஸ் சைனா. பேரினம் ஒன்றே; சிற்றினம் வேறு. முன்னதன் முடிவுகளைப் பின்னதற்கு ஏற்றி எழுதும் முன் பறங்கிப்பட்டையைத் தனியே சோதித்தாக வேண்டும்.