குழந்தைகள் காப்பகக் கட்டிடம் வாங்கினால் உட்கார்ந்த இடத்தில் வாடகை வருமா?

"கட்டிடத்தை வாங்கிப் போடுங்க. காப்பகம் நடத்துற கம்பெனிக்கு 15 வருஷக் குத்தகை. வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அவங்க தலையில. வாடகை மட்டும் உங்க கையில!"

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் புரோக்கர்கள் இப்படித்தான் ஆசை காட்டுகிறார்கள். இதற்கு "நெட் லீஸ்" என்று பெயர்.

சரி, குத்தகைக்கு எடுத்த கம்பெனியே கவிழ்ந்தால்?

கவிழ்ந்தது!

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் 1988-ல் தொடங்கியது "ஏ.பி.சி. லேர்னிங்" கம்பெனி. காப்பகங்களை வாங்கிக் குவித்தது. அந்த நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேல்! பெரும்பாலும் வாடகைக் கட்டிடங்கள்தான். கடன் கழுத்தை நெரித்தது. 2008 நவம்பரில் மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டது.

பிள்ளைகளை எங்கே விடுவது என்று பெற்றோர் பதறினார்கள். உடனே மூடிவிடாமல் இருக்க அரசாங்கம் 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. 2010-ல் "குட்ஸ்டார்ட்" என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு சுமார் 650 காப்பகங்களை எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டிடக்காரர்கள் தப்பினார்கள்.

பிள்ளைகள் வராமல் நஷ்டத்தில் ஓடிய காப்பகங்கள் பலவற்றுக்குப் பூட்டு விழுந்தது. குட்டிக் குட்டி கழிப்பறை, வேலி போட்ட விளையாட்டுத் திடல்... அதில் மளிகைக் கடையா வைக்க முடியும்?

வாங்குகிறவர் குத்தகைப் பத்திரத்தைப் புரட்டினால் மட்டும் போதாது. காலை 8 மணிக்குக் காப்பக வாசலில் போய் நிற்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள் என்று எண்ண வேண்டும். வாடகைக்கு ஜாமீன் போட்டது தாய்க் கம்பெனியா, பேருக்கு ஒரு கிளைக் கம்பெனியா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ண வேண்டும்.