பெண் பிள்ளைகள் மேல் பூச்சிமருந்து படவேண்டாம்

இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுதான். 2022இல் மட்டும் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கும் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணிப்பு. பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான். வயது, மாதவிடாய் நின்றபின் கூடும் உடல் எடை, மது என்று மற்ற காரணங்கள் பல. பூச்சிமருந்துக்கும் இதில் பங்கு உண்டா?

எந்த வயதில் பட்டது?

அமெரிக்காவின் ஓக்லாந்து பகுதியில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தம் பத்திரப்படுத்தி வைக்கப்பட்டிருந்தது. டிடிடி என்ற பூச்சிமருந்து எங்கும் தெளிக்கப்பட்ட காலம் அது. ஆய்வாளர் பார்பரா கோன் குழுவினர் அந்த ரத்தத்தை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். 14 வயதுக்கு முன்பே டிடிடி புழக்கத்துக்கு வந்துவிட்ட பெண்களில், ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. வளர்ந்தபின் டிடிடியை எதிர்கொண்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. கருவிலேயே அதிக டிடிடி பட்ட மகள்களுக்கும் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2015இல் தெரியவந்தது. அதே ஆண்டு டிடிடி, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் சேர்ந்தது.

காரணம் புரியாததல்ல. கருவிலும் பூப்பெய்தும் பருவத்திலும் மார்பகத் திசு வேகமாக உருவாகிறது. சில பூச்சிமருந்துகள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் போலவே நடந்துகொண்டு அந்த வளர்ச்சியைக் குழப்புகின்றன. ஆகவே, எல்லாப் பூச்சிமருந்தும் புற்று தரும் என்று பயமுறுத்துவது தவறு. வளரும் பெண்ணுக்கு எதுவும் ஆகாது என்று விடுவது அதைவிடத் தவறு.

வயலிலும் வீட்டிலும்

இந்தியாவில் 1989இலேயே விவசாயத்துக்கு டிடிடி தடைசெய்யப்பட்டது. எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதனால் கவலை தீர்ந்துவிடவில்லை. மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு மருந்தடிப்பார்கள்; பள்ளி செல்லும் பெண் பிள்ளையும் விடியலில் பூப்பறிக்கப் போகும். மருந்தடித்துவிட்டு வந்தவரின் நனைந்த சட்டையையும் லுங்கியையும் வெறுங்கையால் கும்முவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான், சில வீடுகளில் கர்ப்பிணி. அந்தத் துணியை மற்ற துணியோடு சேர்க்காதீர்கள். கையுறை போட்டுத் தனியாக அலசுங்கள். மருந்தடித்தவர் குளித்த பிறகே பிள்ளைகளைத் தூக்கட்டும். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீருக்கோ பருப்புக்கோ வைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

டப்பாவில் உள்ள முக்கோணத்தை நம்பி ஏமாறவும் கூடாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நிறங்கள் உடனடி நச்சைத்தான் காட்டும். பல வருடம் கழித்து என்ன ஆகும் என்பதை அவை சொல்வதில்லை.

சமையலறையில்

கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய் மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். கறிவேப்பிலையைப் புளி கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசச் சொல்கிறது கேரள வேளாண் பல்கலைக்கழகம். மேலே படிந்த மருந்து போகும். உள்ளே ஊறியது போகாது. கறிவேப்பிலைக்கு வீட்டுப் பின்புறச் செடியே மேல். இதற்குப் பயந்து காய்கறியைக் குறைப்பது பெரிய நஷ்டம்.

இதே பயத்தில் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். பன்னிரண்டு மாதம் பாலூட்டினால் மார்பகப் புற்று வாய்ப்பு 4 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று 2002இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது தெரிந்தது.

பரிசோதனை

எவ்வளவு கவனமாக இருந்தாலும் புற்று வரலாம். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசம். கட்டியோ, காம்பில் ரத்தக் கசிவோ, தோல் உள்ளிழுத்ததோ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.