மண்புழு தின்னும் ஊனுண்ணி: பட்ஜரின் மண்டையோடு மாறியது எப்படி?

நமது குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் நீர்நாய்க்கு ஐரோப்பாவில் ஓர் உறவு உண்டு. நிலத்தில் வளை தோண்டி வாழும் பட்ஜர்தான் அது. தமிழில் வளைக்கரடி என்பர். ஆனால் கரடி அல்ல.

நீர்நாய் மீன் பிடிக்கிறது. பட்ஜரோ ஒரே இரவில் நூற்றுக்கணக்கான மண்புழுக்களை விழுங்கும்; பழம், தானியம், கிழங்கையும் விடாது. ஊனுண்ணிகளுக்கு இறைச்சியைக் கத்தரிக்கோல் போல வெட்டும் பற்கள் உண்டு. பட்ஜரில் அவை சிறுத்துவிட்டன. பின்னாலுள்ள மேற்கடைவாய்ப்பல் அகன்று நீண்டு அம்மி போலாகிவிட்டது.

பிரான்சின் சென்-வலியேயில் கிடைத்த 'மெலெஸ் தொராலி' 20 இலட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியது. இன்றைய பட்ஜரின் மூதாதை வரிசையில் வைத்துப் பேசப்படுவது. அதன் பின்வந்த பட்ஜர்களில் அந்த அரைக்கும் பல் மேலும் பெருத்ததே பொதுப்போக்கு.

மண்டையோட்டின் உச்சியில் ஓர் எலும்பு முகடும் உண்டு. தாடைத் தசைகள் பற்றியிருப்பது அதில்தான். கீழ்த்தாடை மூட்டும் அவ்வளவு இறுக்கம்: முதிர்ந்த பட்ஜரில் தசை மக்கிய பின்னரும் தாடை எளிதில் கழன்று விழாது. ஆனால் குட்டிக்கு முகடு இல்லை, வயதோடுதான் அது வளர்கிறது. ஆகவே முகடு சிறிதாக இருப்பதை மட்டும் வைத்து வேறு இனம் என்று முடிவுகட்ட முடியாது; இளம் விலங்காகவும் இருக்கலாம். பல் முளைத்தபின் தேயுமே தவிர வளராது. ஆய்வாளர்கள் பல்லை மில்லிமீற்றர் கணக்கில் அளப்பது அதனால்தான்.