‘வேணாம்’ என்று சொல்ல ஓர் அட்டை

சென்ற கல்வியாண்டின் நடுவில், வாடிப்பட்டிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய பெற்றோர் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். இரண்டாம் வகுப்பு மாணவன். நான்கு வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவன். (அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையின்மை’ என்ற சொல்லைக் காணலாம். புற உலகைப் பற்றி இக்குழந்தைகள் சிந்திப்பதில்லை என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியாததால், இக்கட்டுரையில் ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.) அவர்கள் பேச்சுப் பயிற்சியை நாடி வரவில்லை, பிள்ளையை அமைதிப்படுத்த மருந்து கேட்டு வந்திருந்தார்கள்.

“காலையில பதினோரு மணியானா பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், தன் கையையே கடிச்சுக்கிறான். மத்தியானத்தோட கூட்டிட்டுப் போயிருங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க” என்றார் தாய். அதைக் குறையாகக்கூட அவர் சொல்லவில்லை. பள்ளியில் இடம் கொடுத்ததே பெரிது என்பது அவர் எண்ணம்.

மருந்துச் சீட்டு எழுதுமுன், பதினோரு மணிக்கு என்னதான் நடக்கிறது என்று கேட்டோம். பெற்றோருக்குத் தெரியவில்லை. வகுப்பாசிரியை தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னார். இடைவேளையில் கழிப்பறை வாசலில் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். அந்தக் கூச்சலில் இவன் உள்ளே போக மாட்டான். மணி அடித்ததும் வகுப்புக்குள் வந்து அமர்ந்துகொள்வான். அதன் பிறகு எவருக்கும் வெளியே செல்ல அனுமதி இல்லை. அவ்வளவுதான். சிறுநீரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு குழந்தை, அதைச் சொல்ல வழியில்லாமல் கையை ஓங்கியிருக்கிறான். அன்று நாங்கள் மருந்து எழுதவில்லை.

அவனுக்குப் பேச்சே இல்லை என்று சீட்டில் குறித்திருந்தார்கள். அதுவும் முழுதும் சரியன்று. “தண்ணி வேணுமா?” என்று அவன் அடிக்கடி சொல்வான். பள்ளியில் அதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டிருந்தார்கள். ஆனால் அவன் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தாகம் எடுத்திருந்தது. தண்ணீர் வருவதற்கு முன் அம்மா கேட்கும் கேள்வி அது. ஆகவே அவனுக்கு அந்தக் கேள்விதான் தண்ணீரின் பெயர். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இப்பழக்கத்தை, ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக எழுதிய லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். உங்கள் பிள்ளை இப்படித் திருப்பிச் சொல்லும் தொடர்கள் எவை, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

அடுத்து நாங்கள் செய்த தவறு. படங்களைச் சுட்டிப் பேசுவதற்கான அட்டை ஒன்றை எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் தயாரித்துக் கொடுத்தோம். அழகாக அச்சிட்ட அட்டை. கழிப்பறை என்ற கட்டத்தில் வெள்ளைப் பீங்கான் இருக்கை ஒன்றின் படம் இருந்தது. சிறுவன் அதைப் பார்க்கவே இல்லை. அவன் வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, அப்படி ஒரு பொருள் கிடையாது. பள்ளிக் கழிப்பறைக்கு நீல வண்ணத் தகரக் கதவு. அந்தக் கதவைக் கைப்பேசியில் படம் பிடித்து ஒட்டியபோது இரண்டாம் நாளே அதில் விரல் வைத்தான்.

எழுத்திலும் அதே கதைதான். ‘வேண்டாம்’, ‘தண்ணீர்’, ‘உதவி செய்யுங்கள்’ என்று அச்சிட்டிருந்தோம். அவன் காதில் விழுவதோ ‘வேணாம்’, ‘தண்ணி’, ‘செஞ்சு குடு’. நம் மொழியில் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெகுவாக விலகி நிற்கின்றன. பேசத் தொடங்கும் எந்தக் குழந்தையும் பேச்சுத் தமிழிலிருந்துதான் தொடங்குகிறது. அட்டையில் பேசும் குழந்தைக்கு மட்டும் ஏட்டுத் தமிழ் என்பது முறையாகுமா? ஒரு வசதியும் தமிழில் உண்டு. வேணும், வேணாம், போதும், இல்ல, மாட்டேன், வலிக்குது என்ற சொற்கள் ஒவ்வொன்றும் தனியே நின்றாலே முழு வாக்கியமாகிவிடும். ஆறு கட்டங்களைக் கொண்டு ஒரு குழந்தை ஒரு நாளின் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம். அட்டையைத் திருத்தினோம், எழுத்தைத் தாய் தம் கையாலேயே எழுதினார்.

“அட்டையைக் காட்டப் பழகினால் பிறகு வாயே திறக்க மாட்டான்” என்று பல வீடுகளில் அஞ்சுகிறார்கள். சில ஆசிரியர்களும் அப்படியே சொல்கிறார்கள். இதைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை ஒன்று 2006-இல் வெளியானது. அதில் நம்பத்தகுந்த முறையில் ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றேனும் கூடியிருந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி மட்டும் 2008-இல் வந்த தொகுப்பும் பேச்சுக்கு இதனால் தடை இல்லை என்றே கண்டது. பேச்சு கட்டாயம் வந்துவிடும் என்ற வாக்குறுதியை எவரும் தர இயலாது. வரும்வரை குழந்தை வாய்மூடிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் நிலை.

வீட்டில் பழகிய அட்டை பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதுதான் கடினம். எடுத்த எடுப்பிலேயே சட்டத்தை நீட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக நிற்கும் ஆசிரியைக்கும் ஒரு நியாயம் உண்டு. முதலில் ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளை எப்படிப் பேசுகிறான், எதைக் கொண்டு பேசுகிறான், வகுப்பில் என்ன செய்து தர வேண்டும் என்பவை மட்டும் போதும். ‘கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய முடியாது. ‘அட்டை எப்போதும் அவன் மேசை மேல் இருக்கட்டும், கேள்வி கேட்ட பின் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள், இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அவனைக் கழிப்பறைக்கு அனுப்புங்கள்’ என்று எழுதினால் செய்ய முடியும். மருத்துவமனைச் சான்றை இணைத்து, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலையைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

சந்திப்புக்கு எங்கள் பேச்சுப் பயிற்சியாளரும் சென்றிருந்தார். முன்னதாக அனுப்பினால் மற்றப் பிள்ளைகளும் கேட்பார்களே என்றார் வகுப்பாசிரியை. பேசிப் பேசி அவரே ஒரு வழி கண்டார். கதவருகே ஓர் ஆணியில் கழிப்பறைப் படம் ஒன்று தொங்கும். யார் போவதானாலும் அதை எடுத்துக் காட்டிவிட்டுப் போகலாம். ஒருவர் திரும்பிய பிறகே அடுத்தவர். இந்தச் சிறுவனுக்காக வந்த அட்டை வகுப்பு முழுவதற்கும் பொதுவாயிற்று.

பூசல் எழுந்தது வேறோர் அட்டையில். ‘வேணாம்’ என்ற கட்டத்தை எடுத்துவிடும்படி பள்ளியில் கேட்டார்கள். அதைக் கொடுத்தால் எழுதச் சொன்னாலும் வேணாம், படிக்கச் சொன்னாலும் வேணாம் என்பான் என்பது அவர்கள் கவலை. தந்தையும் தலையாட்டினார். இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவனிடம் மறுப்பு ஏற்கெனவே இருக்கிறது; கடியாகவும் அடியாகவும் இருக்கிறது. அதைச் சொல்லாக மாற்றுவதுதான் அட்டையின் வேலை. சொன்ன மறுப்பையெல்லாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. “கேட்டுக்கிட்டேன், இன்னும் ரெண்டு வரி எழுதிட்டு நிறுத்தலாம்” என்று பதில் சொன்னால் போதும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றையும் அன்று வெளிப்படையாகச் சொன்னோம். யாரேனும் தவறாகத் தொட்டால் ‘வேணாம்’ என்று மறுக்கவும், வீட்டுக்கு வந்து சொல்லவும் ஒரு குழந்தைக்கு வழி இருந்தாக வேண்டும். அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. கட்டம் அட்டையிலேயே இருக்கட்டும் என்றார் தலைமையாசிரியை.

எல்லாச் சந்திப்புகளும் இப்படி முடிவதில்லை என்பதால் சட்டத்தையும் அறிந்துகொள்வது நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தைத் தன் அட்டவணையிலுள்ள 21 குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தகவல் தொடர்பு என்றால் என்ன என்று அதன் 2-ஆம் பிரிவு விளக்கும்போது வாய்ப்பேச்சோடு நின்றுவிடவில்லை. பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் முறைகளையும் சேர்த்தே சொல்கிறது. 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமன்றி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. ஆகவே தனியார் பள்ளிகளும் இதில் அடங்கும். மாற்றுப் பேச்சு முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவில் தனியே ஒரு கூறு உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ தொடக்கக் கல்வி முடியும்வரை ஒரு குழந்தையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்றும், அடிக்கவோ மனத்தை வதைக்கவோ கூடாது என்றும் தடை விதிக்கிறது. ‘மத்தியானத்தோடு அழைத்துப் போங்கள்’ என்று நாள்தோறும் சொல்வது நீக்கத்துக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் படிப்பவர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

பள்ளி செவிசாய்க்காவிட்டால், அந்தந்த ஒன்றியத்திலுள்ள வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை முதலில் அணுகுங்கள். பாதிச் சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். அதன் பின் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். மாநில ஆணையருக்கும் எழுத்து மூலம் முறையிடலாம். எங்கு சென்றாலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், கையொப்பம் பெற்ற அந்தக் கடித நகலும் கையில் இருக்கட்டும்.

கையடக்கக் கணினியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர் உருவாக்கிய ‘ஆவாஸ்’ என்ற செயலியில் குழந்தை படங்களைத் தொட்டால் கருவி குரல் கொடுக்கும், தமிழிலும் கிடைக்கிறது. சென்னை வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி உருவான கருவி அது. ‘பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது’ என்ற விதியைக் காட்டி இதைத் தடுத்தால், இது விளையாட்டுக் கருவி அன்று, பிள்ளையின் குரல் என்று எழுதிக் கொடுங்கள். நாங்களும் சான்று தருகிறோம். கண்ணாடி அணியும் பிள்ளையிடம் அதைக் கழற்றிவிட்டுக் கரும்பலகையைப் படி என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் கருவி வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். மின்சாரம் போனாலும் மழையில் நனைந்தாலும் உழைக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையே எங்கள் அனுபவத்தில் முதல் தேர்வு.

ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் கையையோ முழங்கையையோ பெரியவர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைச் சுட்டச் செய்து, ‘இது பிள்ளையே சொன்னது’ என்று காட்டும் முறைகளும் உலவுகின்றன. அவ்வாறு வருபவை பிடித்தவரின் சொற்களாகவே இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விரல் எங்கே செல்ல வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்; தாமதமானாலும் காத்திருங்கள்.

அந்தச் சிறுவன் இப்போது முழு நாளும் பள்ளியில் இருக்கிறான். கடிப்பது முற்றிலும் நின்றுவிடவில்லை; மழைக்காலத்தில் காதுவலி வந்தபோது மீண்டும் தொடங்கியது. அட்டையில் ‘வலிக்குது’ இருந்ததே தவிர, எங்கே வலிக்கிறது என்று காட்டக் கட்டம் இல்லை. உடல் உறுப்புகளின் படத்தை அதன் பிறகு சேர்த்தோம். ஜூன் மாதம் அவன் மூன்றாம் வகுப்புக்குச் சென்றான். வகுப்பறை மாறியது, ஆசிரியர் மாறினார். அட்டை பழைய வகுப்பின் அலமாரியிலேயே தங்கிவிட்டது. முதல் வாரத்திலேயே தாய் எங்கள் பிரிவுக்கு வந்தார். இம்முறை மருந்து கேட்கவில்லை. சென்ற ஆண்டுக் கடிதத்தின் நகலைக் கொடுத்து, தேதியையும் ஆசிரியர் பெயரையும் மாற்றித் தரச் சொன்னார். “நானே எழுதிருவேன், உங்க முத்திரை மட்டும் வேணும்” என்றார்.